மச்சினன் கப்பலும் என் த்ரீடி கடலும்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்த பெருமையை உங்களுக்குத் தருவதாக இல்லை. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். கையில் டீயோடு கிளம்பினால் அது ஆறுவதற்குள் தண்ணீரில் கால் வைத்துவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் குடியிருந்துகொண்டு, கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற கடலில் அலை பளபளக்க வேண்டும் என்பதற்காக, ஒரு குறையும் இல்லாத பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். வாங்கிய கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் அந்தக் கடலை வீட்டில் எல்லோருக்கும் காட்ட உட்கார வைத்தேன். வெளிச்சம் திரையில் அடித்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தும்போது அசல் கடல் வெளியே இருந்தது. அதைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

எனக்கும் கடலுக்கும் உள்ள உறவையும் சொல்லிவிட வேண்டும். நான் சாத்தான்குளத்துக்காரன். தேரி என்கிற செம்மணல் மேட்டில் வளர்ந்தவன். குளத்தில் தண்ணீர் இருந்த வருஷங்களை விரல்விட்டு எண்ணலாம், அதனால் நீச்சல் பழகவில்லை. படகில் ஏறினால் படகு கிளம்புவதற்கு முன்பே எனக்குத் தலை சுற்றும். இப்படிப்பட்டவனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. எந்தக் கப்பலில் எந்தக் கன்டெய்னர் எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று கட்டம் போட்டுத் திட்டம் எழுதுகிற வேலை. கப்பலுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. கல்யாணமும் கடற்கரையிலேயே அமைந்தது. பெண் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள். மாமியின் வீட்டு மாடியில்தான் குடித்தனம். வீட்டோடு மாப்பிள்ளை இல்லை, மாடியோடு மாப்பிள்ளை என்று நானே சொல்லிக்கொள்வேன். சாப்பாடு மட்டும் கீழே.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டுச் சட்டம் ஒன்றை நான் தெரியாமல் மீறினேன். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். என் பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் விழுந்துவிட்டது. "முங்கிட்டு" என்றேன். அவ்வளவுதான். மாமி டம்ளரைக் கீழே வைத்தார். மனைவி என் முழங்காலில் கிள்ளினாள். கப்பலில் இன்ஜினியராக இருக்கும் மச்சினன், அப்போது லீவில் வந்திருந்தவன், எழுந்துபோய் எனக்கு வேறு டீ கொண்டுவந்து வைத்தான், யாரோ செத்துப்போன வீட்டில் வைப்பதுபோல.

பிறகுதான் மனைவி விளக்கினாள். மாமா தோணியில் தண்டலாக இருந்தவர். தோணிக்குத் தலைவரைத் தண்டல் என்பார்கள். மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன ஒரு பயணத்தில் தோணி கடலுக்கு அடியில் போய்விட்டது. ஆட்கள் எல்லோரையும் வேறொரு தோணிக்காரர்கள் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் செய்தி கரைக்கு வந்து சேரும்வரை மாமி அடுப்புப் பற்ற வைக்கவில்லையாம். மாமா அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்து, கட்டிலில் படுத்து, நிம்மதியாகத்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் முங்கு என்ற சொல் கிடையாது. பிஸ்கட்டை நனைக்கலாம். துணியைத் தண்ணீரில் போடலாம். வாளியைக் கிணற்றில் இறக்கலாம். எதுவும் எதிலும் முங்கக் கூடாது. இந்தக் கரையில் முத்துக்காக அடியாழம் போனவர்களைக்கூட முத்துக் குளித்தார்கள் என்றுதானே சொல்கிறோம். குளிக்கப் போனவன் எழுந்துவந்து தலை துவட்டுவான் அல்லவா.

மச்சினனும் நானும் நெருங்கியது அந்த விளையாட்டால்தான். பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. திரையில் ஒரு கடல், சதுரம் சதுரமாகப் பிரித்தது. நடுவே தீவுகள், துறைமுகங்கள், கோட்டைகள். அவனுக்கு நீலக் கப்பல்கள், எனக்குச் சிவப்பு. நான் ஒரு முறை நகர்த்தினால் அடுத்தது அவன் முறை. அவன் நகர்த்தும்வரை என் கப்பல்கள் அப்படியே நிற்கும். ஒரு மணி நேரமானாலும் நிற்கும், ஒரு மாதமானாலும் நிற்கும். காற்று வீசாது, பசிக்காது, யாரும் சுடமாட்டார்கள். கப்பலில் வேலை செய்கிறவனுக்கு இதைவிடத் தோதான விளையாட்டு கிடையாது. அவன் கப்பலில் இன்டர்நெட்டை அளந்துதான் கொடுப்பார்கள், மாதத்துக்கு இவ்வளவு என்று. எங்கள் விளையாட்டின் ஒரு முறை என்பது ஒரு போட்டோ அளவுகூட இல்லாத சின்ன ஃபைல். வேலை முடிந்து நகர்த்துவான், அனுப்புவான். நான் அலுவலகத்திலிருந்து வந்து நகர்த்துவேன், அனுப்புவேன்.

அவன் எழுத்தில் கஞ்சன். மாமி பக்கம் பக்கமாகப் பேசி அனுப்பினாலும் பதில் "ம்" என்று வரும். நல்ல நாளாக இருந்தால் "சாப்ட்டேன்" என்று வரும். அதனால் வீட்டில் அவன் நலம் தெரிவது என் கம்ப்யூட்டர் வழியாகத்தான். நீலக் கப்பல் நகர்ந்திருந்தால் அவன் எழுந்து, வேலை பார்த்து, ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். தினமும் நான் படியேறும்போது கீழே அடுப்படியிலிருந்து மாமியின் குரல் வரும்.

"நவத்திட்டானா மாப்ள?"

"நவத்திட்டான் மாமி."

"செரி." அதற்குப் பிறகுதான் மீன் குழம்பு கொதிக்கும் சத்தமே சந்தோஷமாகக் கேட்கும்.

போகப்போக மாமி மாடிக்கே வந்து பார்க்க ஆரம்பித்தார். அதில் ஒரு வில்லங்கம் முளைத்தது. மச்சினன் தன் தலைமைக் கப்பலுக்கு, வீட்டில் அவனைக் கூப்பிடுகிற செல்லப் பெயரையே வைத்திருந்தான். அதன் மேல் ஒரு நட்சத்திரம் இருக்கும். அதை மாமி கண்டுபிடித்த நாளில் எனக்கு உத்தரவு வந்தது. மற்றக் கப்பல்களை நான் என்னவும் செய்துகொள்ளலாம், நட்சத்திரக் கப்பலை மட்டும் தொடக்கூடாது. இது விளையாட்டு மாமி, கப்பல் காணாமல் போனால் கட்டம் காலியாகும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் உங்கள் கப்பலையே காலி பண்ணிக்கொள்ளுங்களேன் என்றார்.

மச்சினன் சும்மா இருப்பானா? அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்ட அன்றிலிருந்து நட்சத்திரக் கப்பலை முன்னால் நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னை அடிக்க ஆரம்பித்தான். அம்மா முந்தானைக்குப் பின்னால் நின்று கல்லெறிகிற பயல். நான் ஒவ்வொரு ஆட்டமாகத் தோற்றேன். தோற்றதற்குக் காரணம் மாமியின் சட்டம்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பும் தோற்றுக்கொண்டுதான் இருந்தேன் என்பதை மனைவி எல்லோரிடமும் சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் அதே விளையாட்டு த்ரீடியில் புதிதாக வந்தது. விளம்பரப் படத்தைப் பார்த்தேன். பாய் விரித்த கப்பல்கள், நுரை கக்கும் அலை, மலை மேல் கோட்டை, கோட்டைக்கு மேல் மேகம். எனக்கு உடனே ஒரு ஞானம் பிறந்தது. நான் இத்தனை நாள் தோற்றது மூளை இல்லாததால் அல்ல, மலையின் உயரம் தெரியாததால். தட்டைப் படத்தில் மலை என்பது ஒரு பழுப்புச் சதுரம். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, மேலிருந்து சுட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு மனிதன் எப்படி அறிவான்?

மச்சினன் லீவில் வந்திருந்தான். பழைய துறைமுகத்தில் தோணிகள் கட்டிக் கிடக்கிற பக்கம் இருவரும் சாயங்காலம் நடக்கப் போனோம். அங்கே வைத்துப் பேச்சை எடுத்தேன். உலகமே உருண்டை, நாம் மட்டும் ஏன் தட்டையில் ஆட வேண்டும் என்றேன். அவன் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னான்.

"அத்தான், எட்டு மாசம் நான் த்ரீடிலதான் கெடக்கேன். அது ஆடும். எண்ணெ மணக்கும். வாந்தி வரும். ஒக்காந்து வெளையாட எனக்குத் தட்டையா ஒரு எடம் வேணும்."

"ஏலே, கப்பல் கப்பல் மாதிரி இருந்தா நல்லாத்தானே இருக்கும்?"

"சதுரங்கத்துல குதிரைக்கு வால் மொளச்சா அது நல்லா தாவுமா?"

நான் விடவில்லை. எங்கள் அலுவலகத்திலேயே பார், கட்டம் போட்டுப் போட்டு என் கண் சதுரமாகிவிட்டது என்றேன். அவன், அந்தக் கட்டத்தை நம்பித்தான் அத்தனை பெட்டியும் கப்பலில் ஏறுகிறது, மாலுமி வைத்திருக்கிற கடல் வரைபடமும் தட்டைதான், யோசிக்க வேண்டிய படம் வேறு, பார்த்து ரசிக்க வேண்டிய படம் வேறு என்றான். நல்ல பேச்சு. பதில் தெரியாதபோது நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். நச்சரித்தேன். வீட்டுக்கு வந்தும் நச்சரித்தேன், சாப்பிடும்போதும் நச்சரித்தேன். கடைசியில் அவன், "போட்டுத் தொலைங்க" என்று தன் லேப்டாப்பை நீட்டினான். மறுநாளே நான் புதுக் கம்ப்யூட்டரை வாங்கி, பழைய ஆட்டத்தையும் அதற்கு மாற்றிவிட்டு, புது விளையாட்டை இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் ஏற்றினோம். பழைய ஆட்டம் பாதியில் நின்றது. அடுத்த வாரம் அவன் கப்பலுக்குக் கிளம்பினான். மாமி வாசலில் நின்று நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார்.

கடலுக்குப் போய் அவன் அனுப்பிய முதல் முறை வந்த அன்றுதான் நான் ஜன்னலைச் சாத்தியது. டிவியில் கம்ப்யூட்டரை இணைத்து, மாமிக்கு நாற்காலி போட்டு, மனைவிக்குப் பக்கத்தில் இடம் காட்டி, தியேட்டர்காரனைப்போல நின்றேன். படம் விரிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. சூரியன் இறங்குகிற நேரம், தண்ணீரில் பொன் நிறம், தீவு ஓரத்தில் தென்னை அசைகிறது.

மாமி கொஞ்ச நேரம் பார்த்தார். "தண்ணி நல்லாருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "இதுல அவன் எங்கன இருக்கான்?"

ஒரே கேள்வி. பழைய படத்தில் மாமிக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை. மாடிப் படியில் ஏறும்போதே அவர் கண் நட்சத்திரத்தில் போய் நிற்கும். இங்கே நட்சத்திரம் கிடையாது. பாய்மரத்தில் கட்டிய ஒரு கொடியில்தான் பெயர். அது காற்றில் மடிந்து கிடந்தது. தீவுக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் கப்பல்கள் நின்றன. ஒன்று சரக்குக் கப்பல், ஒன்று மச்சினன். படத்தைக் கொஞ்சம் நெருக்கிப் பார்த்துவிட்டு, மாமியிடம் சொன்னேன், வலது பக்கம் நிற்பது உங்கள் பிள்ளை, இடது பக்கம் நிற்பது வெறும் சரக்கு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் த்ரீடி வாங்கியவன் திருப்பிக் காட்டாமல் இருப்பானா? கப்பலின் முகப்பில் அலை எப்படி உடைகிறது பாருங்கள் என்று படத்தை அப்படியே சுற்றி, கப்பல்களுக்கு முன்பக்கமாகக் கொண்டுபோனேன். அலை உடைந்தது. மனைவிகூட "அட" என்றாள். அந்தப் பாராட்டுப் போதையில், சரி, இப்போது சரக்குக் கப்பலை அடிக்கிறேன் பாருங்கள் என்று இடது பக்கக் கப்பலைச் சுட்டேன்.

இங்கே என் தொழிலின் கோளாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் கப்பலை எப்போதும் ஒரே பக்கமிருந்துதான் வரைவோம். பின்னால் நின்று முன்னால் பார்ப்பதுபோல. இடது என்றால் என்றைக்கும் இடது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கப்பலும் எனக்கு எதிராகத் திரும்பி நின்றதில்லை. முன்பக்கமிருந்து பார்த்தால் இடம் வலமாகும் என்கிற சாதாரண விஷயம், தெருவில் எதிரே வருகிற ஒவ்வொரு மனிதனிடமும் நான் பார்க்கிற விஷயம், கப்பல் என்றதும் என் மண்டையில் இல்லை.

குண்டு பட்டவுடன் கொடி விரிந்தது. பெயர் பெரிய எழுத்தில் தெரிந்தது.

பழைய விளையாட்டாக இருந்தால் டிக் என்று ஒரு சத்தம் வரும், கட்டம் காலியாகும். தாயத்தில் காய் வெட்டுப்பட்டதுபோல. வெட்டுப்பட்ட காய்க்காக யாரும் அழுவதில்லை. புது விளையாட்டில் அப்படி இல்லை. பாய்மரம் முறிந்தது. தளத்தில் தீ. குட்டி குட்டி மனிதர்கள் ஓடினார்கள், குதித்தார்கள். கப்பல் மெதுவாகச் சாய்ந்தது. விளையாட்டைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். மரம் முனகுகிற சத்தத்தைக்கூட விடவில்லை. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அந்தக் காட்சி நிற்கவில்லை. நான் டிவிக்கு முன்னால் போய் கையை விரித்து நின்றேன். டிவி பெரியது, நான் ஒல்லி. கடைசியில் தண்ணீரில் குமிழி மட்டும் வந்தது. அந்த வீட்டில் சொல்லக் கூடாத சொல்லை நான் சொல்லவில்லை, படமாகப் போட்டுக் காட்டிவிட்டேன்.

மாமி எழுந்து கீழே போனார். கோபப்பட்டிருந்தால் தேவலை. ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

அந்த முறையை நான் அனுப்பியிருக்கவே கூடாது. ஆனால் புது விளையாட்டில் அடித்தால் அடித்ததுதான், முறை முடிந்ததும் அதுவாகவே போய்விடும். போய்விட்டது. அதற்குப் பிறகு மச்சினனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

முறை வரவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. "ம்" வரவில்லை. மாமி அனுப்பிய செய்திகளுக்கு ஒரு பதிலும் இல்லை. இரண்டொரு நாள் அப்படி இருப்பது வழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டோம். பிறகு அதைச் சொல்லிக்கொள்வதை நிறுத்தினோம்.

மாமி என்னோடு நேரில் பேசுவதையும் நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் மாமியாருக்கு மருமகன் மேல் வருத்தம் என்றால் திட்டமாட்டார்கள், பேச்சு மகள் வழியாகச் சுற்றிவரும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன், மாமி அந்தப் பக்கம். "ஏளா, ஒன் வீட்டுக்காரருக்கு ரசம் வேணுமான்னு கேளு." மனைவி என் பக்கம் திரும்பி, ரசம் வேணுமா? நான் மனைவியிடம், வேணும். அவள் அம்மாவிடம், வேணுமாம். கரண்டி எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கும். மீன் நின்றுபோனது. தினமும் ரசமும் அப்பளமும். ஒரு நாள் துணிந்து, எனக்கு மீன் ஏன் இல்லை என்று மனைவியைக் கேட்டேன். ஒங்களுக்கு மட்டுமில்ல, அம்மாவும்தான் சாப்பிடல என்றாள்.

மாமிக்கும் தெரியும், விளையாட்டுக் கப்பலுக்கும் அசல் கப்பலுக்கும் சம்பந்தம் இல்லை என்று. அவர் ஒன்றும் புரியாதவர் அல்ல. ஆனால் தெரிவது ஒரு பக்கம், சாயங்காலம் ஜெபமாலையைக் கையில் எடுக்கும்போது கண்ணுக்குள் வருவது ஒரு பக்கம். அவர் கண்ணுக்குள் நான் ஒரு படத்தைப் போட்டுவிட்டேன். அதுவும் நல்ல தெளிவான படம். எனக்கே கண்ணை மூடினால் அந்தக் குமிழி வந்தது.

அலுவலகத்தில் ஒரு வசதி இருந்தது எனக்கு உடனே நினைவுக்கு வராததும் என் அறிவுக்கு அடையாளம். எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற இணையதளம் எங்களுக்குத் தினசரி வேலை. கடல் வெளிர் நீலத்தில் தட்டையாக இருக்கும், ஒவ்வொரு கப்பலும் ஒரு சின்ன முக்கோணம். அதில் மச்சினனின் கப்பலைத் தேடினேன். நடுக்கடலில் இருக்கிற கப்பலை நாங்கள் பார்க்கிற இலவசப் படம் காட்டாது, கரைப் பக்கம் வந்தால்தான் காட்டும். கடைசியாகத் தெரிந்த இடம் என்று போன வாரத்துப் புள்ளி ஒன்று மங்கலாக நின்றது. அதை வீட்டில் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு படம் காட்டியது போதும்.

தினமும் காலையில் வேலையைத் தொடங்குமுன் அதையே திறந்து பார்த்தேன். ஒரு நாள் மங்கல் புள்ளி போய், சிங்கப்பூரை ஒட்டி ஒரு பச்சை முக்கோணம் நின்றது. பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த முறை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே பெயர். மேலதிகாரியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வலி இருந்தது உண்மைதான், இத்தனை நாள் ரசம்.

மாமி அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். செல்போனை அவர் முன்னால் நீட்டினேன். மனைவியும் வந்து எட்டிப் பார்த்தாள். தட்டையான கடல், பச்சை முக்கோணம், பக்கத்தில் பெயர். இது விளையாட்டு இல்லை, அசல் கப்பல், இப்போது இங்கே நிற்கிறது என்று மனைவியிடம் சொன்னேன், மாமி கேட்கும்படி. மாமி வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, முக்கோணத்தை விரலால் தொட்டார். படம் நகர்ந்துவிட்டது. திரும்பச் சரிசெய்து காட்டினேன். தொடாமல் பார்த்தார். அழகே இல்லாத அந்த முக்கோணத்தை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. அலை இல்லை, மினுக்கம் இல்லை, பாய்மரம் இல்லை. அவன் எங்கன இருக்கான் என்ற கேள்விக்குப் பதில் மட்டும் இருந்தது.

மத்தியானம் அவனே கூப்பிட்டான். கரையில் சிம் வாங்கியிருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டோம். நல்லா இருக்கேன் என்று முதலில் அம்மாவிடம் சொன்னான். பிறகு விஷயத்தைச் சொன்னான். நடுக்கடலில் என் முறையைப் பார்க்கலாம் என்று விளையாட்டைத் திறந்திருக்கிறான். உடனே அது, கடலை இன்னும் அழகாக்கி இருக்கிறோம், ஏற்றிக்கொள்கிறோம் என்று கேட்காமலே புதுப் பதிப்பை இறக்க ஆரம்பித்துவிட்டது. இவன் நிறுத்துவதற்குள் அந்த மாதத்துக்கு அளந்து கொடுத்த இன்டர்நெட் பூராவும் போய்விட்டது. "ம்" அனுப்பக்கூட மிச்சம் இல்லை. கரைக்கு வந்ததும்தான் மீதியையும் இறக்கிப் பார்த்திருக்கிறான்.

நான் மெதுவாக, அப்படியென்றால் என் முறையைப் பார்த்துவிட்டாயா என்று கேட்டேன்.

"பாத்தேன். மெஸ்ல வச்சுத்தான் பாத்தேன், எல்லாரும் எட்டிப் பாத்துட்டு இருந்தாவ."

"என்ன சொன்னாவ?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல அத்தான். சமையக்காரரு எந்திரிச்சுப் போயிட்டாரு." பிறகு அவனுடைய பழைய குரலில், "இடம் வலம் தெரியாத ஆளக் கட்டி வச்சிட்டமேன்னு அக்காவ நெனச்சுத்தான் வருத்தப்பட்டேன்" என்றான். மனைவி சிரித்தாள். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டார்.

பழைய ஆட்டத்துக்கே போய்விடலாம் என்று அவன் சொன்னபோது நான் மறுக்கவில்லை. பாதியில் விட்ட ஆட்டம் இரண்டு கம்ப்யூட்டரிலும் அப்படியே இருந்தது. இதுதான் முறை வைத்து ஆடுகிற விளையாட்டின் பெருந்தன்மை. நாம் கிறுக்குப் பிடித்து எங்கேயாவது போய்விட்டுத் திரும்பி வந்தாலும், விட்ட இடத்தில் அப்படியே காத்திருக்கும், ஒரு வார்த்தை கேட்காது.

அன்று சாயங்காலம் கீழே மீன் பொரிகிற மணம். இலையில் எனக்கு இரண்டு துண்டு விழுந்தது. விழுந்தது என்றாலும் பேச்சு இன்னும் மகள் வழியாகத்தான். சாப்பிட்டு முடித்து மேலே போய் ஆட்டத்தைத் திறந்தேன். சதுரம் சதுரமாகக் கடல். பழுப்புச் சதுரமாக மலை. நட்சத்திரக் கப்பல் வழக்கம்போல் முன்னால் நின்று என்னைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தது. முறை என்னுடையது. மாமியும் மனைவியும் பின்னாலேயே ஏறிவந்தார்கள். ஜன்னலை இந்தத் தடவை நான் சாத்தவில்லை. அசல் கடலிலிருந்து காற்று வந்தது.

தோற்றவன் தத்துவம் பேச வேண்டும் என்பது விதி. நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டு ஆரம்பித்தேன். த்ரீடியே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன் என்றேன். கார் ஓட்டுகிற விளையாட்டுக்கு அது வேண்டும், கிரிக்கெட்டுக்கு வேண்டும், அங்கே கண்ணும் கையும் ஓட வேண்டும். ஆனால் உட்கார்ந்து யோசித்து முறை வைத்து ஆடுகிற விளையாட்டில், எது எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். அங்கே காயைக் கப்பலாக நினைத்துக்கொள்கிற வேலையை நம் மனசே பார்த்துக்கொள்ளும். கப்பலாகவே காட்டிவிட்டால் மனசுக்கு வேலை போய்விடும், வயிற்றுக்கு வேலை வந்துவிடும். அதே சமயம் மலையின் உயரம் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அதை மட்டும் கொஞ்சம் த்ரீடியில், ஓர் ஓரமாக, வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் காட்டினால் என்ன...

மனைவி எப்போதோ கீழே போயிருந்தாள். இனிமேல் எனக்குப் பதில் வர வழி இல்லை என்று நினைத்தேன். ஆனாலும், "என்ன மாமி, நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டேன்.

மாமியின் கண் நட்சத்திரத்திலேயே இருந்தது. நான் நகர்த்தினால்தானே அவன் நகர்த்துவான்.

"நவத்துங்க மாப்ள."